அக்குளில் விழித்த வைரஸ்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லிந்துலையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பொன்னாடை போர்த்தியபோது பதிலுக்குக் கும்பிடாத ஒரே சிறப்பு விருந்தினர் நான்தான். திமிர் இல்லை. என் இரண்டு அக்குளிலும் பக்கத்துக்கு ஒன்றாகப் பரிசோதனைக் குழாய் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்திலிருந்து விஞ்ஞானப் பட்டம் வாங்கிய முதல் ஆள். கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. (தலை கனக்க அது போதும்.) விஞ்ஞான தினத்துக்குப் பேச வரும்படி பள்ளிக்கூட அதிபர் போனில் அழைத்தபோது, "பேச்சு எதுக்கு சேர், செஞ்சே காட்டுறேன்" என்று அளந்துவிட்டேன்.

காட்ட நினைத்தது இதுதான். சில பாக்டீரியாக்களின் டிஎன்ஏவுக்கு நடுவே ஒரு வைரஸின் டிஎன்ஏ செருகிக்கொண்டு தூங்கும். ஒரு காவல் புரதம் அதை எழும்ப விடாமல் அமுக்கி வைத்திருக்கும். பாக்டீரியாவுக்கு ஆபத்து வந்தால் காவல் உடையும். வைரஸின் நொதியங்கள் அதன் டிஎன்ஏவை வெட்டி வெளியே எடுக்கும். அது வட்டமாக இணைந்து, பெருகி, கடைசியில் பாக்டீரியாவையே வெடிக்க வைக்கும். நான் கொண்டுபோன வகையில் (ஆளுக்குத் தீங்கில்லாதது, அனுமதி வாங்கியது) காவலை உடைக்க, உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடிய சூடு கால் மணி நேரம் போதும். பிறகு ஒரு மணி நேரம் உடம்புச் சூட்டில் வைத்தால், பாக்டீரியா நிறைந்து கலங்கியிருக்கும் திரவம் தெளிந்துவிடும்.

இறுக மூடிய இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள். ஒன்றுக்குச் சூடு காட்டுவேன். மற்றதற்குக் காட்டமாட்டேன், அது ஒப்பிட்டுப் பார்க்க.

காலையில் மேடைக்குப் பின்னால் வெந்நீரில் முதல் குழாய்க்குச் சூடு காட்டி முடித்தேன். இரண்டையும் ஆய்வுகூடத்திலிருந்து தூக்கி வந்த மின்சாரச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். உடனே கரண்ட் போனது. வெளியே மழை. கதவு வழியாகப் பனிமூட்டம் மண்டபத்துக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் பாக்டீரியா அசையாது, வைரஸும் பெருகாது. வேறு வழி தெரியாமல் குழாய்களைச் சுவெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அதிபர் திரையை விலக்கினார். "வாங்க கலா, வெளக்கேத்தணும்."

முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முன்கையை மட்டும் நீட்டி, குனிந்து விளக்கேற்றினேன். முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தார். கொழுந்து பறிப்பதிலிருந்து ஒருநாள் லீவு எடுத்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டி வந்திருந்தார். பக்கத்தில் எங்கள் அடுத்த வீட்டு ராசாத்தி பெரியம்மா.

பொன்னாடை வந்தது. அதிபர் கும்பிட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு பிள்ளை பூங்கொத்து நீட்டியது. அதை முழங்கைக்குக் கீழே, நண்டு பிடிப்பது போல் பிடித்தேன்.

கரண்ட் இல்லாத மண்டபத்தில் ராசாத்தி பெரியம்மாவின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. "என்னடி ஒம் மக, படிச்சிட்டா பெரியவங்கள கும்பிடக்கூடாதா? இல்ல, கை கால் எதுவும் வெளங்கலயா?"

அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. அவர் எழுந்து நேராக மேடைக்கே வந்தார்.

"என்னாடி பண்ற? மானம் போகுது."

காதில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். அவர் மேடையில் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"எம் மகளுக்குத் திமிரு இல்லீங்க. அதோட அக்குளுக்குள்ள வைரஸ் இருக்கு."

முன்வரிசை நாற்காலிகள் தரையில் தேய்ந்து பின்னால் போகும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வேறு சந்தர்ப்பங்களுக்கு வைத்திருந்த முகக்கவசத்தை ஓர் ஆசிரியர் பையிலிருந்து எடுத்து மாட்டினார். "ஆபத்தில்ல! ஆபத்தில்ல! அது மனுசருக்கு வராது!" என்று நான் கத்தினேன். கையைத்தான் அசைக்க முடியவில்லை. அதனால் யாரும் நம்பவில்லை.

அம்மா மட்டும் நகரவில்லை. கையை நீட்டினார். "ஒரு குழாய எங்கிட்ட குடு. ஒனக்கு ஒடம்பு நடுங்குது. தெனம் மலையேறி எறங்குற ஒடம்பு இது, சூடு குறையாது."

சூடு காட்டிய குழாயைக் கொடுத்தேன். அம்மா அதைச் சேலைக்குள் இடுக்கிக்கொண்டு, சூடு குறையக்கூடாது என்று மண்டபத்தின் நடுவே மேலும் கீழும் வேகமாக நடக்க ஆரம்பித்தார். (பாக்டீரியா நன்றாக வளரக் குலுக்கவும் வேண்டும். அதை நான் சொல்லவே இல்லை.) நான் மேடையில் நின்று, வைரஸ் எப்படி வெட்டிக்கொண்டு வெளியே வருகிறது என்று விளக்கினேன். எல்லாக் கண்களும் அம்மாவோடுதான் போய்வந்தன. பிள்ளைகள் என் பேச்சில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, ஆனால் ஒருவர்கூட எழுந்து போகவுமில்லை.

ஒரு மணி நேரம் ஆனது. அம்மா நின்று, குழாயை எடுத்து, கதவு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

தண்ணீர் போல் தெளிந்திருந்தது.

நான் அதுவரை அந்தக் காட்சியை ஆய்வுகூடத்தில் எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தது அன்றைக்குத்தான். மண்டபம் முழுவதும் கைதட்டியது. முகக்கவசம் போட்ட ஆசிரியரும் தட்டினார். அதிபர் பொன்னாடையை என் தோளிலிருந்து எடுத்து அம்மாவுக்குப் போர்த்தினார். அம்மா இரண்டு கையையும் தூக்கி அழகாகக் கும்பிட்டார்.

"ஒன்னோடது எங்கடி?" என்றார் பிறகு.

எடுத்துக் காட்டினேன். கஞ்சி போல் கலங்கியே இருந்தது.

"அது அப்படித்தாம்மா இருக்கணும். அதுக்கு சூடு காட்டல. ஒப்பிட்டுப் பாக்க வச்சது."

"சரி சரி" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார் அம்மா. "மனசத் தளர விடாத. பழகப் பழக வரும்."

ராசாத்தி பெரியம்மாவும் ஆமோதித்தார். அதன் பிறகு அதே வைரஸில் ஆய்வு செய்து கலாநிதி (பிஎச்.டி.) பட்டமும் வாங்கிவிட்டேன். இரண்டாவது குழாயின் அர்த்தத்தை அவர்களுக்குப் படம் போட்டும் விளக்கியிருக்கிறேன். ஒன்றும் எடுபடவில்லை. இன்றைக்கும் தலவாக்கலை பஸ்ஸில் யாராவது விசாரித்தால் அம்மா சொல்வது இதுதான்: "எம் மக டாக்டருங்க, வைரஸ் ஆராய்ச்சி. ரெண்டு பேரும் ஒன்னாத்தான் ஆரம்பிச்சோம். எனக்கு மொதல்ல வந்துருச்சு."