நூல் வகுப்பு

மஃப்ளர் இந்த வாரமும் வளரவில்லை. முடிய இன்னும் ஒரு முழம் பாக்கி.

கடிகாரக்காரர் அதை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்துச் சாண் போட்டுப் பார்த்தார். போன சனிக்கிழமை ஆறு வரி பின்னி, டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் இரண்டு வரி பிரித்துவிட்டுப் போனவர் அவர். நாலு வரியாவது மிஞ்ச வேண்டும். அந்த நாலும் காணோம்!

பின்னுகிறவர் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நூலகத்து வாசலில் 'ஆரம்ப நிலையினருக்கு நூல் வகுப்பு, மாடியில், சனி மாலை ஐந்து மணி' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நூலகத்தில் நூல் என்றால் புத்தகம்தானே? மனைவி போய் ஆறு வருஷமாகப் பேச்சுத்துணை இல்லாத மனிதர், நாலு நல்ல புத்தகம் படிக்கலாமென்று ஏறிவிட்டார். மேலே எல்லோர் மடியிலும் கம்பளி நூல் உருண்டை.

"புத்தகம் எங்கேங்க?"

டீச்சர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "உக்காருங்க சார், இதுவும் நூல்தான்" என்று, சுற்றிலும் முளை வைத்த பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார்.

முளையில் நூலை இரண்டு தரம் சுற்றி, கொக்கியால் அடிக் கண்ணியைத் தூக்கி மேல் கண்ணியைத் தாண்டிப் பின்னால் தள்ள வேண்டும். வித்தை மொத்தமும் இதுதான். கடுகளவு திருகாணிகளோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய கைக்கு இதெல்லாம் ஜுஜுபி. மூன்றே வாரத்தில் நீலத் தொப்பி தயார். அப்போதுதான் டீச்சர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"தொப்பிக்கு ஜோடியா மஃப்ளரையும் முடிச்சிட்டா, உங்க வகுப்பு முடிஞ்சது சார்."

அன்றிலிருந்து கடிகாரக்காரருக்குக் கை வராமல் போய்விட்டது. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் ஜோடியை முடித்து, தலையிலும் கழுத்திலும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர் மட்டும் வேண்டுமென்றே கண்ணியை நழுவவிட்டு, "டீச்சர், இங்க கொஞ்சம் பாருங்களேன்" என்பார். டீச்சர் பக்கத்தில் குனிந்து எடுத்துத் தருவார். "இவ்வளவுதான் சார், பயப்படாதீங்க."

அந்த ஒரு வார்த்தைக்காக வாரம் முழுக்கக் காத்துக் கிடந்தார். கடையில் அத்தனை கடிகாரமும் ஓடின, சனிக்கிழமை மட்டும் வரமாட்டேன் என்றது. டீச்சருக்கும் வீட்டுக்காரர் தவறிவிட்டார், ஓர் ஆளுக்குத்தான் சமையல் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் ஏக்கம் இரண்டு மடங்காகிவிட்டது. கேட்டுவிடலாம்தான். வாய் வர வேண்டுமே!

"ஏம்மா சாவியம்மா, இந்த அலமாரியில எலி இருக்கா?" என்றார் கடிகாரக்காரர், நாலு வரி குறைந்த மஃப்ளரைக் கையில் பிடித்தபடி.

மாடியைக் கூட்டிப் பெருக்கி, அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் அம்மாளுக்கு அதுதான் பெயர்.

"எலியா? என் அலமாரியிலயா?" என்று முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடிகாரக்காரர் நம்பவில்லை. அன்று போகும்போது மஃப்ளருக்குப் பக்கத்தில் ஓர் எலிப்பொறியை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வந்தால் எலி மாட்டவில்லை. டீச்சரின் ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு.

"ஐயையோ, என்னாச்சு டீச்சர்?"

"ஒண்ணுமில்ல சார். கதவுல நசுங்கிடுச்சு."

அதற்குள் நூலகத்துக் கிளார்க் ஒரு கையில் எலிப்பொறியும் மறு கையில் வருகைப் பதிவேடுமாக மாடியேறி வந்துவிட்டார்.

"நூலகத்துல பொறி வச்சது யாரு? நீங்களா? ஆமா, நீங்க எந்த பேட்ச்?" பதிவேட்டைப் புரட்டியவருக்குக் கண் பிதுங்கியது. "எட்டு வார வகுப்புல இருபத்திரண்டு வாரமா உக்காந்திருக்கீங்களா! அடுத்த சனிக்கிழமை முடிச்சா சர்ட்டிபிகேட். முடிக்கலைன்னா பேரை அடிச்சிடுவேன்."

முடித்தாலும் வெளியே, முடிக்காவிட்டாலும் வெளியே. கடிகாரக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். முடித்து, ஜோடியை டீச்சர் கையிலேயே கொடுத்து, மனசில் இருப்பதையும் சொல்லிவிடுவது. அன்று அவர் ஒரு வரிகூடப் பிரிக்கவில்லை. கை பறந்தது. ஒரு மணி நேரத்தில் முக்கால் முழம்.

"சார்... உங்களுக்கு இவ்வளவு வேகமா வருமா?" டீச்சரின் குரல் என்னவோ போலிருந்தது.

"வந்துடுச்சு டீச்சர். இன்னும் கால் முழம்தான். அடுத்த வாரம் முடிஞ்சிடும்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

கடைசிச் சனிக்கிழமை. புதுச் சட்டை போட்டு, இருக்கிற முடியை இரண்டு தரம் சீவி, ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். அலமாரியைத் திறந்தார். முக்கால் முழத்தையும் காணோம், அதற்கு முன்னால் இருந்ததில் பாதியையும் காணோம்.

"போச்சு! எல்லாம் போச்சு!" தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "சாவியம்மா! எலி இல்லேன்னீங்களே, இதை வந்து பாருங்க!"

சாவியம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, ஜன்னலோரமாக முகம் சிவந்து, கையிலிருந்த நீல நூல் உருண்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்ற டீச்சரை ஒரு பார்வை பார்த்தார்.

"எலியாம் எலி! வகுப்புல நீங்க ரெண்டு வரி பிரிக்கிறீங்க, நீங்க போனதும் டீச்சர் நாலு வரி பிரிக்கிறாங்க; நேரா பேசித் தொலைக்காம இன்னும் எத்தனை நாளைக்குத்தான் ரெண்டு பேரும் இப்படி நூல் விட்டுக்கிட்டே இருப்பீங்க?"