மூன்று மாதிரிக் கையெழுத்து

வங்கிப் பாஸ்புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு விதி உண்டு: கணக்கு எண்ணையும் கையெழுத்து மாதிரியையும் வாடிக்கையாளர் வேறு எவருக்கும் தெரிவிக்கக் கூடாது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நான், புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்கு இதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். (கன்னடக்காரர்களுக்குக் கன்னடத்திலும். ஊருக்குச் சொல்வதில் நான் குறை வைத்ததில்லை.)

எண்பத்தாறில் ஒரு வாரப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. டெல்லியில் ஏதோ ஒரு தபால் பெட்டி எண்ணுக்குக் கூப்பனை நிரப்பி அனுப்பினால் டேப் ரெக்கார்டர் வீடு தேடி வரும், பணம் தவணையில். கூப்பன் கேட்டது பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண், ஒரு கையெழுத்து. எனக்கு அது போதவில்லை. ஆதாரம் இணைக்காத விண்ணப்பங்களை டஜன் கணக்கில் திருப்பி அனுப்பியவன் நான். பாஸ்புத்தகத்தின் இருப்புப் பக்கத்தைத் தட்டச்சில் நகலெடுத்து, அடியில் மூன்று மாதிரிக் கையெழுத்துப் போட்டேன். கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பத்துக்காக பஸ் பிடித்து உத்தனப்பள்ளி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஓர் எருமைக்கு ஊசி போட்டுவிட்டு வந்து பச்சை மையில் கையெழுத்திட்டார்.

“டேப்புதானே சார் வாங்கறீங்க? நான் வேலைக்குச் சேரும்போதுகூட இவ்ளோ காயிதம் குடுக்கலியே,” என்றார்.

என் மனைவி மேரியும் கேட்டாள். கணக்கு என் பெயரில் இருந்தாலும் பணம் அவளுடையது. ஆசிரியர் பயிற்சிக்கென்று நான்கு வருடம் தையல் தைத்துச் சேர்த்தது. ஜூனில் கிருஷ்ணகிரியில் சேர வேண்டும். முகம் தெரியாத ஆளுக்கு எதற்கு இத்தனை கையெழுத்து என்றாள். மாதிரி என்றால் மூன்றுதான் முறை என்று அரைமணி நேரம் விளக்கினேன்.

டேப் ரெக்கார்டர் வரவில்லை. பயிற்சிக் கட்டணத்துக்குப் பணம் எடுக்க இருவரும் வங்கிக்குப் போனபோது கணக்கில் பதினோரு ரூபாய் இருந்தது. மீதியை டிராப்டாக டெல்லிக்கு அனுப்பச் சொல்லி நானே எழுதியதாக ஒரு கடிதத்தை அக்கவுண்டன்ட் காட்டினார். நான் எழுதவில்லை என்று அங்கேயே புகார் எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து நிதானமாக ஒப்பிட்டார்.

“டெல்லிக் கடுதாசி கார்டோட அப்படியே சேருது சார். இப்ப நீங்க போட்டீங்களே, இதுதான் சேரல.”

மறுபடி போட்டேன். ஆறு முறை. ஆறும் ஆறு பேர் போட்டது போலிருந்தன. கணக்கு வைத்திருப்பவரை நேரில் அழைத்து வாருங்கள் என்று என்னிடமே சொல்லிவிட்டார். (விதிப்படி அவர் செய்தது சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.)

மேரி திட்டவில்லை. வங்கி பெஞ்சில் உட்கார்ந்து, சேர்க்கைக் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அடுத்த வருசம் பாத்துக்கலாங்க. முப்பது வயசு வரைக்கும் எடுத்துக்குவாங்களாம்.”

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு. தையல் காசு திரும்பச் சேர்வதற்குள் முதல் பிள்ளை பிறந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு இது இன்றும் சிரிப்புக் கதை. ரேங்க் கார்டை நான் கையில் வாங்கினால் போதும், “அம்மாகிட்டக் குடு, அப்பா கையெழுத்து சேராது” என்று பிடுங்கிக்கொண்டு போவார்கள். மேரி மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை.

வங்கியின் தலைமை அலுவலகத்துக்குப் பதினேழு நினைவூட்டல்கள் அனுப்பினேன், எல்லாம் பதிவுத் தபாலில். கடைசியில், விசாரணை முடிந்து தொகை முழுவதும் திரும்ப வரவு வைக்கப்பட்டதாகப் பதில் வந்தது. மேரிக்கு முப்பது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கடிதம் கைக்குக் கிடைத்த தேதி 14-10-1988.