கரண்ட் போனா?

"உங்க இதயத்த ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்போம்" என்று டாக்டர் பவ்யா சொன்னதும் ஜெகதீசன் தலையை ஆட்டினார். ஆட்ட ஆரம்பித்த தலை நிற்கவில்லை.

"நிறுத்தின்னா... முழுசாவா?"

"முழுசாதான். இதயத்துக்குள்ள, இடது பக்க மேல் அறையில, ஜெல்லி மாதிரி ஒரு கட்டி தொங்கிட்டிருக்கு. கேன்சர் இல்ல, சாதாரணக் கட்டிதான். ஆனா அதுல ஒரு துணுக்கு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம் வந்துடும். அதனால தள்ளிப்போடக் கூடாது. இதயத்த நிறுத்திட்டு அதை எடுத்துடுவோம். அந்த நேரம் உடம்புக்கு ரத்தத்த ஒரு மெஷின் ஓட்டும்."

ஜெகதீசனுக்கு ஐம்பத்தோரு வயது. பாரிவாக்கத்தில் வீடு. அம்பத்தூரில் ஜெனரேட்டர் சர்வீஸ் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக மெக்கானிக். அந்த அனுபவத்தில் அவர் உறுதியாக நம்பிய விஷயம் ஒன்று உண்டு. ஓடுகிற எதையும் சும்மா நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், மறுபடி கிளப்பும்போதுதான் அது தன் வேலையைக் காட்டும்.

"அந்த மெஷினு எதுல ஓடும் மேடம்?"

"கரண்ட்லதான்."

"கரண்ட் போனா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி விஜி அவர் தொடையில் கிள்ளினாள். டாக்டர் சிரித்தார்.

"கவலையே படாதீங்க. ஜெனரேட்டர் இருக்கு."

மற்ற நோயாளிகளுக்கு இதைக் கேட்டால் போன உயிர் திரும்பி வரும். ஜெகதீசனுக்கோ இருந்ததும் போய்விட்டது. ஜெனரேட்டர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்தால்கூட இந்தப் பெண் கத்தியைக் கையில் எடுக்க மாட்டார்.

"ஜெனரேட்டர் எடுக்கலன்னா?"

"மெஷின்லயே பேட்டரி இருக்கு."

"பேட்டரி உக்காந்துட்டா?"

"கைப்பிடி இருக்கு. கையாலயே சுத்துவோம்."

"யாரு சுத்துவாங்க?"

"அதுக்குன்னே ஆள் இருக்கார்."

"அவரு காலைல டிபன் சாப்ட்டு வருவாரா மேடம்?"

விஜி இரண்டாவது முறை கிள்ளினாள். இந்த முறை நகம் பட்டது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று முடிவானது. குமணன்சாவடியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமையே சேர்த்துவிட்டார்கள். பச்சை நிறத்தில் ஒரு அங்கி கொடுத்தார்கள். முன்பக்கம் கௌரவமாக இருந்தது. பின்பக்கம் இரண்டு நாடாக்களை நம்பியிருந்தது.

புதன்கிழமை காலை, ஒரு கையால் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஜெகதீசன் மெல்ல இறங்கி, கேன்டீனுக்குப் பின்னால் இருந்த ஜெனரேட்டரைப் பார்க்கப் போனார். சும்மா ஒரு பார்வை. பார்த்துவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்தார்.

கம்பி வலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். பேட்டரி டெர்மினல் இரண்டும் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துப் போயிருந்தன. ஒயரில் சிலந்தி ஒன்று குடும்பத்தோடு குடியிருந்தது. சாவி போட்டால் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிவிடும் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

திரும்பி வந்து படுத்ததும் நர்ஸ் கவிப்பிரியா ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்று எழுபது.

"நேத்து நல்லா இருந்துச்சே சார்! எங்க போனீங்க?"

"பாத்ரூமுக்கும்மா."

"பாத்ரூம் போனா இவ்ளோ ஏறுமா? இப்படியே இருந்தா நாளைக்கு மயக்க மருந்து குடுக்க மாட்டாங்க. தள்ளிப் போட்டுடுவாங்க."

ஜெகதீசனுக்கு இப்போது இரண்டு பயம். ஆபரேஷன் நடந்தால் கரண்ட் போய்விடும். நடக்காவிட்டால் ஜெல்லி பிய்ந்துவிடும். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்ததில் அடுத்த முறை நூற்று எண்பத்தைந்து காட்டியது.

விஜிக்குப் போன் செய்தார். அவள் திருவேற்காட்டுக் கோயிலில், வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

"விஜி, ஊட்டுக்குப் போயி என் டூல்ஸ் பைய எடுத்தா. பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் கீதான்னு பாத்துக்க. அப்பால உப்புத்தாள் ஒண்ணு."

"யோவ், ஆபரேஷன் அவங்க பண்றாங்களா, நீ பண்றியா?"

"எடுத்தாடீன்னா."

மத்தியானம் அவள் ஒயர் கூடையில், பிளாஸ்குக்கு அடியில் பையை ஒளித்துக் கொண்டுவந்தாள். நெற்றியில் குங்குமம் பூசிவிட்டாள். பூசிய கையை எடுக்கவில்லை.

"அந்த ஒரு மணி நேரம் நான் எங்கய்யா நிப்பேன்? உள்ள நீ கீறியா இல்லியான்னே தெரியாம எப்டி நிப்பேன்?"

அதைத்தான் ஜெகதீசனும் கேட்க நினைத்தார், யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. "வா, ஒரு சின்ன வேல கீது. முடிச்சிட்டா நீயும் நிம்மதியா நிக்கலாம்" என்றார்.

ஜெனரேட்டர் கூண்டில் பூட்டு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. காவலுக்கு இருக்க வேண்டிய ஆபரேட்டரைக் காணோம். விஜி பின்னால் நின்று அங்கியின் நாடாவைப் பிடித்துக்கொள்ள, ஜெகதீசன் குனிந்து டெர்மினலைக் கழற்றினார். உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்து மறுபடி மாட்டிவிட்டால் ஐந்து நிமிட வேலை.

கழற்றிய மறு நொடி ஆஸ்பத்திரி முழுவதும் சைரன் அலறியது.

அவசர மின்சாரம் இல்லை என்று நாலு மாடிக்கும் அறிவிக்கிற சைரன் அது. செக்யூரிட்டி ஓடிவந்தார். நர்சுகள் ஓடிவந்தார்கள். கையில் ட்ரிப்ஸ் பாட்டிலோடு ஒரு நோயாளியும் ஓடிவந்தார். பதற்றத்தில் விஜி கையை விட்டாள். நாடாக்களும் விட்டன. கேன்டீன்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் ஜெகதீசன் மறுபடி கட்டிலில் இருந்தார். எதிரில் டாக்டர் பவ்யா. இப்போது அவர் சிரிக்கவில்லை.

"ஆபரேஷன் தியேட்டர்ல அந்த நேரத்துல யாரும் இல்ல, தப்பிச்சோம். யாரைக் கேட்டு அதுல கை வெச்சீங்க?"

"நானும் ஜெனரேட்டர் மெக்கானிக்குதான் மேடம். டெர்மினல் பூத்துப் போயி..."

"நீங்க யாரா வேணா இருங்க. இங்க வெளி ஆள் கை வெச்சா, அதைப் பார்த்துக்கிற கம்பெனி மெக்கானிக் வந்து சோதிச்சுக் கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் தியேட்டரைத் திறக்க மாட்டாங்க."

"நானே போட்டுத் தரேன் மேடம், கையெழுத்து."

"உங்க கையெழுத்து செல்லாது. அவர்தான் போடணும்."

"அப்ப நாளைக்கு என் ஆபரேஷன்?"

"அவர் வந்தா உண்டு."

"வரலன்னா? அந்தத் துணுக்கு?"

டாக்டர் விஜியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் விஜி சுவரோடு சாய்ந்தாள். ஜெகதீசனுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் அந்தக் கட்டி இப்போதே ஆடுவதுபோல இருந்தது. கவிப்பிரியா அவசரமாக ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள்.

அப்போதுதான் ஆபரேட்டர் வேம்புலி, கையில் பாதி குடித்த டீயோடு வந்து சேர்ந்தான்.

"எவன்யா உன் ஜெனரேட்டர பாத்துக்குற மெக்கானிக்கு? அவன இஸ்துகினு வா இங்க!" என்று ஜெகதீசன் கத்தினார்.

"அந்தாளு மூஞ்சியவே நான் பாத்ததில்ல அண்ணாத்தே. மாசா மாசம் வாட்ஸப்புல 'ஓடுதா'ன்னு வரும். நான் கட்டைவிரல் பொம்ம அனுப்புவேன். உடனே எல்லாத்துக்கும் டிக் போட்டு, கையெழுத்து வெச்ச சர்வீஸ் கார்டு போட்டோவா வந்துரும்."

ஜெகதீசனுக்கு ரத்தம் கொதித்தது.

"ஆஸ்பத்திரிக்கா? டேய், துணிக்கட, கல்யாண மண்டபம்னா சரி, போன்லயே முடிச்சிடலாம். கரண்ட் போனா நாலு பேரு விசிறிகினே சாம்பார் சாதம் துன்னுட்டுப் போவான். ஆஸ்பத்திரிக்கு இப்டிப் பண்ணுவானா ஒருத்தன்? அவனுக்குப் பொண்டாட்டி புள்ள கிடையாதா? அவன் நெஞ்ச ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சாதான் அவனுக்குப் புத்தி வரும்!"

"நல்லா கேளுய்யா! நாசமாப் போறவன்" என்று விஜி அழுதுகொண்டே சேர்ந்துகொண்டாள்.

"முதல்ல அவரை வரச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

வேம்புலி டீயைக் கீழே வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"மேடம், குமணன்சாவடியிலேர்ந்து வேம்புலி பேசறேன். மெக்கானிக்க இப்பவே அனுப்பணும்... இல்ல மேடம், இது ஆஸ்பத்திரி... ஆங், அதேதான், பழைய கல்யாண மண்டபம்! இட்ச்சிக் கட்டி ரெண்டு வருசம் ஆவுது. உங்க லிஸ்ட்ல இன்னும் மண்டபமாவா கீது?"

ஜெகதீசன் கட்டிலில் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கவிப்பிரியா ரத்த அழுத்த மெஷினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயையோ... அப்டியா மேடம்? சரி மேடம்" என்று போனை வைத்துவிட்டு, வேம்புலி வருத்தத்தோடு டாக்டரிடம் திரும்பினான்.

"அந்தாளு லீவுல கீறாராம் மேடம். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அவருக்கே நெஞ்சுல ஆபரேஷனாம்."