நான்கு எலுமிச்சம்பழம்

எதையும் தூக்கி எறிய மனம் வராத ஆள் நான். பழைய சார்ஜர், ஒற்றைச் செருப்பு (ஜோடி எப்போதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கைதான்), கூடவே பழைய மென்பொருள். இந்தப் புத்தியால் எங்கள் கம்பெனியின் முதல் ஆர்டரையே காவு கொடுக்கப் பார்த்தேன்.

சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்காக, நூல் சுற்றிய கோன்களைச் சுமக்கும் ரோபோ வண்டி செய்திருந்தோம். அதன் நிரல்களைத் ஒர்க்ஸ்பேஸ் எனப்படும் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்திருந்தோம். சக்கரத்துக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, என் பங்குக்கு ஒன்று. ஒன்றை நம்பித்தான் இன்னொன்று ஓடும். ஒரே பெயரில் இரண்டு இடத்தில் நிரல் இருந்தால், கடைசியாகத் திறந்த ஒர்க்ஸ்பேஸில் இருப்பதுதான் செல்லும். அதனால் டீம் லீடர் ஸ்டெல்லா அக்கா, வண்டியை ஓட்டிக் காட்டுவதற்கு முந்தின நாளே, பழைய காப்பி எதையாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டார். சத்தியமாக இல்லை என்றேன். (சக்கர நிரலின் பழைய காப்பி, ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்று, என் ஒர்க்ஸ்பேஸில் பத்திரமாக இருந்தது. மோட்டாரைத் திருப்பி மாட்டியிருந்த முந்தைய சோதனை வண்டிக்காக எழுதியது அது.)

மறுநாள் கூடத்தில் நான் கடைசியாகத் திறந்தது என்னுடையதைத்தான்.

தறி முதலாளி வண்டிக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் இருந்த டிபன் மேசையருகே போய் நின்றார். பட்டனைத் தட்டினேன். வண்டி பழத்தைத் தொடவே இல்லை. விறுவிறுவென்று பின்பக்கமாகப் போய் மேசையை இடித்து, தக்காளிச் சட்னியை அவருடைய வெள்ளை வேட்டியில் கவிழ்த்த பிறகே நின்றது.

அவர் வேட்டியைப் பார்த்தார். பழங்களைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, உங்க வண்டிக்கு எலுமிச்சம்பழம்னா பயமுங்களா?"

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் பழைய காப்பிதான் சக்கரத்தைத் திருப்பி ஓட்டியது என்று ஸ்டெல்லா அக்காவிடம் உண்மையை உளறிக் கொட்டினேன். ஆர்டரோடு என் வேலையும் போயிற்று என்றே நினைத்தேன். இவன் தப்பு என்று அக்கா என்னைக் கைகாட்டியிருக்கலாம். ஆனால் அவர் முதலாளியிடம் திரும்பினார்.

"எங்க தப்புங்க. அரை மணி நேரம் குடுங்க, சரி பண்ணிப்போடறோம்."

முதலாளி வேட்டி மாற்றிக்கொண்டு வந்து எங்களுக்கு டீ வேறு சொன்னார். அந்தப் பழைய நிரலை அழித்து, எல்லா ஒர்க்ஸ்பேஸையும் புதிதாகத் தொகுத்து வண்டியில் ஏற்றினேன். வண்டி முன்னால் நகர்ந்து இரண்டு பழத்தையும் நசுக்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. (சாறு தெறித்துவிட்டது என்று சமாளித்தேன்.) ஆர்டர் கிடைத்தது, வேலையும் தப்பியது. அந்த இருவரையும் நினைக்காமல் இன்றுவரை நான் ஒரு நிரலையும் ஓட்டியதில்லை.

இதை வீட்டில் சொன்னதுதான் அடுத்த தப்பு. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் என் மனைவி எங்கள் காருக்கு நான்கு பழம் வைக்கிறாள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. யாராவது காரணம் கேட்டால் என்னைக் காட்டுவாள்.

"இவரு எடுக்கற வண்டி எந்தப் பக்கம் போகும்னு யாருக்குங்க தெரியும்?"