முழு மூட்டறிவு பெற்ற வார்டு

மனித குலம் என்றைக்கு நிமிர்ந்து நின்றதோ அன்றிலிருந்து அதற்கு மூட்டு வலிக்கிறது. அந்த நீண்ட வரலாற்றில், மூட்டு நோய்களை முழுமையாக அறிந்த முதல் வார்டு என்ற பெருமை பாறசாலைக்கும் ஆரியங்கோட்டுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் வார்டுக்கே உரியது. நான் வாசகசாலைச் செயலாளர் என்பதற்காகச் சொல்லவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எழுதியவன் நான்.

மகத்தான இயக்கங்கள் சின்னப் பேச்சில்தான் பிறக்கின்றன. இது பிறந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன். வாசகசாலைத் தலைவர் ரெத்தினதாஸ் சாரின் மனைவி சத்தியபாய் அக்கா, சாயாவை மேசையில் வைத்துவிட்டு அவரிடம் சொன்னார்:

"கேட்டியளா, காலத்த எழும்பினா எனக்க ரெண்டு கை வெரலும் மடங்க மாட்டேங்குது. சரியாவ ஒரு மணிக்கூர் ஆவுது. கணுவெல்லாம் வீங்கியும் இருக்கு. அதனால நான் என்ன நினைச்சேன்னா..."

"நில்லு, நில்லு. ரெண்டு கையுமா? ஒரு மணிக்கூரா?"

"ஆமா."

"அஜீஷே, இத அப்படியே எழுது மக்கா."

எழுதினேன். அக்கா என்ன நினைத்தார் என்பதை மட்டும் எழுத முடியவில்லை. அதற்குள் சார் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தார். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எழுந்து நடந்தால் ஒரு கமிட்டி உருவாகாமல் அவர் உட்கார மாட்டார். மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, பக்கத்து வார்டு சர்க்கரை நோயில் "முழு அறிவு" பெற்று போர்டே வைத்துவிட்டது, நாம் மூட்டைப் பிடிப்போம் என்றார். அக்காவின் அந்த மூன்று வாக்கியங்களே எங்கள் முதல் நோட்டீஸ் ஆயின. கீழே சாரின் பெயரும் என் பெயரும் இருந்தன.

பிறகு ஒன்றரை ஆண்டு உழைத்தோம். முப்பத்தொன்பது வகுப்புகள். பாடம் எளிது. வேலை செய்யச் செய்ய முழங்கால் வலித்து, உட்கார்ந்ததும் குறைந்தால் அது தேய்மானம். எடையைக் குறை, உடற்பயிற்சி செய். கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கினால் யூரிக் ஆசிட். இரண்டு கைகளிலும் சின்ன மூட்டுகள் வீங்கி, காலையில் நெடுநேரம் இறுகிக் கிடந்தால் ஆமவாதம். அதற்குத் தைலம் தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, ஆறு வாரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும், தாமதித்தால் மூட்டு கோணிப்போகும். சார் கேள்வி கேட்பார், ஊர் ஒரே குரலில் பதில் சொல்லும். சாயாக்கடைப் பொன்னையன், ஆமவாதத்துக்கு அடையாளம் சொல்லாதவனுக்குக் கடுஞ்சாயா ஊற்றுவதில்லை என்று கொள்கை வகுத்தார்.

எங்கள் செயல்திறனுக்கு ஒரே ஒரு சான்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் உறுப்பினர் பிஜுவின் இடது கால் பெருவிரல் தக்காளி போல வீங்கியது. "யூரிக் ஆசிட் ஆக்கும்" என்று பொன்னையன் தூரத்திலிருந்தே தீர்ப்பளித்தார். அவசரக் கூட்டம் கூடி, அந்த விரலை எல்லோரும் வரிசையாகப் பார்த்து, பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, மூன்று ஜீப்புகளில் பிஜுவை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரும் அதையே சொன்னார். மருந்து கொடுத்தார், விரல் அடங்கியது. மதுவையும் மாட்டிறைச்சியையும் குறைக்கச் சொன்னதைப் பிஜு தன் தனிப்பட்ட விஷயமாகக் கருதுகிறான்.

முப்பத்தொன்பது வகுப்புக்கும் சாயா அக்காவின் அடுக்களையிலிருந்தே வந்தது. அந்தப் பணிவை நான் இங்கே பதிவு செய்தாக வேண்டும். வரவர அவர் ஒவ்வொரு கிளாசையும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஏந்தி, ஏதோ திருவிருந்து கொடுப்பது போலத் தந்தார். கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிவிட்டார். பொன்னாசை துறந்த பெண்மணி என்று சார் ஒரு கூட்டத்தில் அவரைப் பாராட்டினார். நாங்கள் கைதட்டினோம். அக்கா தட்டவில்லை. தன்னடக்கம்.

'முழு மூட்டறிவு பெற்ற வார்டு' என்ற பிரகடனத்துக்கு முன்னால் சர்வே. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். கடைசிக் கேள்வி முக்கியமானது: "கண்டறியப்படாத மூட்டு நோயாளி யாரேனும் உண்டா?" ஒருவர் இருந்தாலும் போர்டு கிடைக்காது. தலைவர் வீட்டுக்குப் படிவத்தோடு போன சர்வேக்காரப் பெண் லிஜி, அக்காவின் கைகளைப் பார்த்துப் பேனாவை நிறுத்திவிட்டாளாம். அனுபவம் போதாது. சாரே வாங்கி "இல்லை" என்று தடித்த எழுத்தில் நிரப்பினார். தலைவர் வீட்டம்மா மூட்டு ஓ.பி.யில் வரிசை நின்றால் இயக்கத்தின் மானம் என்ன ஆகும் என்றும் விளக்கினார். அப்போது அக்கா, எனக்கு ஒரு காரியம் கேக்க உண்டு என்று தொடங்கியிருக்கிறார். "மொதல்ல பிரகடனம் களியட்டு, பொறவு கேக்கலாம்" என்றார் சார்.

பிரகடனம் சென்ற சனிக்கிழமை, வாசகசாலை முற்றத்தில், பந்தலும் மைக்செட்டுமாக நடந்தது. பிளாக் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி போர்டைத் திறந்துவைத்தார். நிகழ்ச்சி நிரலில் கடைசி இனம் "சந்தேக நிவாரணம்". எங்கள் வழக்கப்படி சந்தேகங்களை நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம். அக்காவுக்குத் தந்தது, 'இந்த ஞானத்தைப் பெற நாங்கள் என்ன தவம் செய்தோம்?' என்ற சந்தேகம். அக்கா மைக் முன்னால் வந்து நின்றார். துண்டுச் சீட்டு கையில் இல்லை.

"ரெண்டு கையிலயும் கணு வீங்கியிருக்கு. காலத்த ஒரு மணிக்கூர் மடங்காது. இது என்னது?"

"ஆமவாதம்" என்றது பந்தல் முழுவதும். அதிகாரி வியந்துபோனார். சார் பெருமையாக மீசையைத் தடவினார்.

"எத்தன வாரத்துக்குள்ள டாக்டரக் காணணும்?"

"ஆறு வாரம்." இன்னும் பலமாக. என் குரலும் அதில் உண்டு.

அக்கா இரண்டு கைகளையும் மைக்குக்கு மேலே தூக்கிக் காட்டினார். விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. பிளாக் அதிகாரி கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"எனக்கு எழுபத்தெட்டு வாரம் ஆச்சு" என்றார் அக்கா, சாரைப் பார்த்து. "தனியே போவலாம்னுதான் ரெண்டு தடவ இறங்கினேன். பஸ்சுக்க கம்பியப் பிடிக்க முடியல, திரும்பி வந்துட்டேன். இவ்வளவு படிச்ச ஆளுவ இருக்கியளே, என்னை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவியளா?"