மலைக்குப் பின்னால் போன தீபம்

ஒன்றும் தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் கிடையாது. பாதி தெரிந்தவனால்தான் ஊருக்கு ஆபத்து. நான் பாதி தெரிந்த ரகம்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். (படிப்புதான் என்னை முடித்துக்கொண்டது என்பாள் என் மனைவி செல்வி.) அங்கே படித்ததில் ஒன்று மட்டும் மனதில் நின்றுவிட்டது: நட்சத்திரம் மினுக்கும். மினுக்காமல் நிற்பது எது என்று மறுநாள் நடத்தியிருப்பார்கள். மறுநாள் எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கினோம். நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

கல்யாணமான வருஷம் தலைக் கார்த்திகைக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். மலை உச்சியில் கார்த்திகை தீபம் தெரிந்த பிறகுதான் அந்தத் தெருவில் அகல் ஏற்றுவார்கள். விரதம் இருப்பவர்கள் அதன் பிறகுதான் வாயில் தண்ணீர் விடுவார்கள். என் மாமியார் அந்த விரதத்தை ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை என்று செல்வி பஸ்ஸிலேயே எச்சரித்திருந்தாள்.

நான் கூச்ச சுபாவம். அந்த வீட்டில் அதுவரை நான் பேசியது இரண்டே வார்த்தை: "சரிங்க", "போதுங்க". (இரண்டாவதை யாரும் மதிக்கவில்லை, இட்லி வந்துகொண்டே இருந்தது.) கல்லூரியில் படிக்கும் மச்சான் முரளி, "மாமா ஊமையாக்கா?" என்று செல்வியிடம் கேட்டது என் காதில் விழுந்திருந்தது. ஏதாவது பேசி நானும் ஒரு மனிதன் என்று காட்டிவிடும் வெறியில் இருந்தேன்.

பொழுது சாய்ந்தது. தெருவே மேற்கே பார்த்து நின்றது. மாமியார் கையில் தீப்பெட்டி, பக்கத்தில் பொரி உருண்டைத் தட்டு. கூட்டத்தில் நிற்கக் கூச்சப்பட்டு நான் மட்டும் மொட்டைமாடிக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால், மலை உச்சியை ஒட்டினாற்போல் பளிச்சென்று ஒரு வெளிச்சம்!

மினுக்குகிறதா என்று பார்த்தேன். இல்லை. அப்படியென்றால் நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் இல்லையென்றால் மலைமேல் வேறென்ன இருக்கும்? (காற்றடிக்கும் மலையில் அலையாமல் எரியும் தீபத்தை உலகத்திலேயே முதலில் கண்டவன் நான்தான்.)

"தீபம் ஏத்திட்டாங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

"நல்லாத் தெரியுதுங்களா மாப்ள? இங்க மரத்துக்கு நடுவுல மங்கலாத்தான் தெரியுது" என்று கீழிருந்து மாமியார் கேட்டார்.

"நான் சொல்றேன்ல அத்தை, தீபந்தாங்க!"

புது மாப்பிள்ளை சொல்லுக்கு மறுப்பு ஏது? தெரு முழுக்க அகல் எரிந்தது. பிள்ளைகள் மாவளியைக் கொளுத்திப் பொறி பறக்கச் சுழற்றினார்கள். மாமியார் மலையைக் கும்பிட்டுவிட்டு, பொரி உருண்டையைக் கடித்தார்.

ஐந்து நிமிஷம் நான் ராஜா. அப்புறம் முரளி மாடிக்கு வந்தான்.

"இன்னா மாமா, ஒங்க தீபம் எறங்கிக்கினு போவுது?"

பார்த்தேன். வெளிச்சம் மலைக்குப் பின்னால் அமுங்கிக்கொண்டிருந்தது.

"எண்ணெ கம்மியா ஊத்தியிருப்பாங்க" என்றேன்.

"அது வெள்ளி மாமா, கிரகம்! நட்சத்திரம் ரொம்பத் தூரத்துல கீது, வெறும் புள்ளி, அதான் காத்து அலைக்கழிச்சு மினுக்குது. கிரகம் கிட்ட கீது, மினுக்காது. பேஜாரு பண்ணிட்டீங்களே!"

வெளிச்சம் மறைந்தே போனது. கொஞ்ச நேரத்தில் அதே உச்சியில் செக்கச்செவேலென்று, காற்றில் ஆடி ஆடி, அசல் தீபம் எரிந்தது.

"இன்னா அண்ணி, ஒங்க மாப்ளக்கி மட்டும் தனித் தீபமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். தெருவே சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை. கடித்த உருண்டையைத் தட்டில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. நான் இறங்கிப் போய் எதிரே நின்றேன்.

"வுடுங்க மாப்ள. நாளைக்கும் மலைமேல வௌக்கு எரியும். மறுபடி ஒரு நாளு இருந்துடறேன்" என்றார்.

"நானும் இருக்கேங்க அத்தை."

மறுநாள் இருவரும் பட்டினி. பதினோரு மணிக்கே எனக்குக் கண் இருட்டியது. பசியை மறக்க அவர் பேச்சுக் கொடுத்தார், நானும் பேசினேன். பொழுது சாயும்வரை பேசினேன். சாயங்காலம் முரளி மாடியேறிப் பார்த்து, "ஆடுது, தீபந்தான்" என்று சொன்ன பிறகே தண்ணீர் குடித்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு கார்த்திகைக்கும் அந்த வீட்டில் இரண்டு பேர் விரதம்.

அந்தத் தெருவில் வெள்ளிக்கு இப்போது 'மாப்ள தீபம்' என்றே பெயர். சில வருஷம் அது சாயங்காலத்தில் மேற்கே தலைகாட்டுவதே இல்லை. அப்போதெல்லாம் மாமியார் மலையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி கேட்பார்:

"இன்னாங்க மாப்ள, இந்த வருஷம் ஒங்க தீபம் லீவுங்களா?"