பீரோவுக்குள் ஒரு பி.காம்.

திருப்பூரில் ஓர் இனம் உண்டு. சங்கக் கூட்டங்களிலும், கல்யாண மண்டபங்களின் முன்வரிசையிலும், கல்லூரி ஆண்டு விழா மேடைகளிலும் தாராளமாகக் காணக் கிடைக்கும். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நீங்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், யாரும் கேட்காமலே, தான் எத்தனாவதில் படிப்பை விட்டேன் என்று சொல்லிவிடும்.

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் கிட்டுசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். பேங்க் மேனேஜரிடமும், ஆடிட்டரிடமும், சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஊசி போட வந்த டாக்டரிடமும்கூட, "நானெல்லாம் எட்டாவது பெயிலுங்க. படிச்சிருந்தா உங்களையாட்ட எங்கியாச்சும் சம்பளத்துக்குப் போயிட்டு இருந்திருப்பனுங்க" என்பார். ஊசி கொஞ்சம் ஆழமாகவே இறங்கும். அதே கிட்டுசாமியின் கம்பெனி வாசலில் தொங்கும் பலகையைப் படித்திருக்கிறீர்களா? 'வாட்ச்மேன் தேவை. டிகிரி அவசியம்.'

இந்த எட்டாவதும் ஆரம்பத்திலிருந்தே எட்டாவது அல்ல. பத்து வருடத்துக்கு முன்பு அவர் பிளஸ் டூ பெயில்தான். போட்டிக் கம்பெனி தங்கதுரை ஒரு கூட்டத்தில் தன்னைப் பத்தாவது என்று அறிவித்துக் கைத்தட்டு வாங்கிவிட்டார். கிட்டுசாமி விடுவாரா? மறு கூட்டத்தில் ஒன்பதுக்கு வந்தார். அதற்கு மறு வருடம் எட்டு. கம்பெனி ஏற ஏற, வகுப்பு இறங்கிக்கொண்டே வந்தது.

உண்மை வேறு. கிட்டுசாமி பி.காம்., முதல் வகுப்பு. அந்தச் சான்றிதழ் மனைவி தெய்வாத்தாளின் கூறைப்புடவைக்கு அடியில், பீரோவின் உள்ளறையில் பூட்டிக் கிடக்கிறது. சாவி கிட்டுசாமியின் அரைஞாண் கயிற்றில்.

"ஏனுங்க, நகையத் தொறந்த தட்டுல வெச்சுப்போட்டு இந்தக் காயிதத்துக்குப் போயி ரெண்டு பூட்டா?" என்று தெய்வாத்தாள் ஒருமுறை கேட்டார்.

"நகை போனா வாங்கிக்கலாம். இது வெளிய தெரிஞ்சா எவன் நம்மள மதிப்பான்?"

ஆபத்து மகள் உருவத்தில் வந்தது. மோனிஷா பிளஸ் டூ முடித்து, கோவையில் நல்ல கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேரக் கடைசி நாள். அவளோ முடியாது என்றுவிட்டாள்.

"நேரா கம்பெனி ஆரம்பிக்கறனுங்கப்பா. கொழந்தைங்க டிரஸ்."

"காலேஜ் முடிச்சுட்டு ஆரம்பி கண்ணு."

மோனிஷா போனை நீட்டினாள். அதில் சால்வையும் மாலையுமாக நின்று ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார்: "காலேஜுங்கறது மூணு வருசம் ஃபேன் காத்து வாங்கற எடமுங்க!" பேசியவர் யாரென்று சொல்லவும் வேண்டுமா?

கிட்டுசாமிக்குப் பழைய ஒப்பந்தம் ஒன்று ஞாபகம் வந்தது. அவர் கம்பெனி தொடங்கிய வருடம், சரக்கு வாங்க வந்த ஒரு வெளிநாட்டு பையர் பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தைக் கொடுத்தான். எட்டாம் பக்கத்தின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில், ஒரு நாள் தாமதமானாலும் சரக்கும் அவனுக்கே, நஷ்டமும் நமக்கே என்று ஒரு வரி. இரண்டாம் ஆண்டில் வணிகச் சட்டம் படித்த கண் அதைப் பிடித்துவிட்டது. அவர் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்துக் கம்பெனிக்காரர் போட்டார். அந்தக் கட்டடம் இப்போது டூவீலர் ஸ்டாண்ட். எட்டாம் பக்கத்தை இந்தப் பிள்ளைக்கு யார் காட்டுவார்கள்?

ஜன்னலைச் சாத்தினார். பீரோவைத் திறந்தார்.

மோனிஷா சான்றிதழை நெடுநேரம் பார்த்தாள். "ஃபர்ஸ்ட் கிளாஸாப்பா?"

"மெல்லப் பேசு சாமி, பக்கத்து ஊட்டுக்குக் கேட்கப் போகுது."

"ஞாயித்துக்கெழம உங்களுக்கு விருது தர்றாங்கல்ல? மேடையில இதச் சொல்லுங்க. திங்கக்கெழம நான் காலேஜ்ல சேந்துக்கறேன்."

விருதின் பெயர், 'பள்ளி தாண்டாத சாதனையாளர்'.

ஞாயிறன்று மண்டபம் நிறைந்திருந்தது. தங்கதுரை முதலில் பேசினார். "நான் ஒண்ணாவதோட நின்னவனுங்க!" கைத்தட்டல். சங்கத் தலைவர் மைக்கைப் பிடுங்கினார். "நான் பால்வாடியிலயே பெயிலுங்க!" கூரை அதிர்ந்தது. அடுத்து கிட்டுசாமி. முன்வரிசையில் மோனிஷா, மடியில் கல்லூரிச் சேர்க்கைப் படிவம். இத்தனை வருடம் சேர்த்த பெயரைப் பணயம் வைத்துச் சொன்னார்.

"நான் பி.காமுங்க."

மண்டபமே சிரித்தது.

"சத்தியமாங்க! ஃபர்ஸ்ட் கிளாஸுங்க!"

விசில் பறந்தது. வேறு வழியின்றிச் சட்டைக்குள் கைவிட்டுச் சான்றிதழை எடுத்து உயர்த்தினார். தங்கதுரை எழுந்து வந்து வாங்கினார். துணி பார்ப்பதுபோல் இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார். விளக்குக்கு எதிரே பிடித்தார். முத்திரையை நகத்தால் சுரண்டினார்.

"பிரின்டிங் அருமையா இருக்குதுங்க. கலர் போகவே மாட்டீங்குது. எங்க அடிச்சீங்க? எம்பையனுக்கும் ஒண்ணு சொல்லி விடுங்க."

அன்றைய கூட்டத்தில் அதிகம் கைத்தட்டு வாங்கிய பேச்சு கிட்டுசாமியுடையதுதான். விருதும் கைவிட்டுப் போகவில்லை.

மோனிஷா வாக்குத் தவறவில்லை. திங்கட்கிழமை சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டலில் முதல் நாள், அறைத்தோழிகள் மார்க் எவ்வளவு என்று கேட்டார்கள். மாவட்டத்தில் மூன்றாவதாக வந்த மோனிஷா தோளைக் குலுக்கினாள். "நானெல்லாம் ஜஸ்ட் பாஸுங்க. சும்மா ஃபேன் காத்து வாங்கலாம்னு வந்தேன்."

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால், கடைசி வரி வரை படித்த இந்தக் கதையைப் பற்றி யாராவது கேட்டால், "நமக்கேதுங்க படிக்கற பழக்கம், சும்மா கண்ணுல பட்டுச்சு" என்று சொல்ல உங்கள் வாய் துடித்தால், ஒரு காரியம் செய்யுங்கள். இடுப்பைத் தொட்டுப் பாருங்கள். சாவி ஏதாவது தட்டுப்படுகிறதா?